மேற்படிப்புக்கு இடம் கிடைக்குமா? பொறியியல், அறிவியல் பட்டதாரிகள் விண்ணப்பத்துக்கு முன்பே கணித்துப் பார்க்கும் முறை

“சி.ஜி.பி.ஏ. 3.4 இருக்கிறது, வெளிநாட்டில் இடம் கிடைக்குமா?” இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த நாடு, எந்தப் பட்டம், தேர்ந்தெடுப்பது யார், செலவு யாருடையது என்ற நான்கும் தெரிந்த பிறகுதான், 4.00க்குக் கணக்கிடும் மொத்தத் தரப்புள்ளிச் சராசரியான அந்த 3.4 போதுமா போதாதா என்று பேசலாம்.

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பட்டம் முடித்து மேற்படிப்புக்குத் தயாராகிறவர்கள் வழக்கமாக உலகத் தரவரிசைப் பட்டியலைத் திறந்துவைத்து மேலிருந்து கீழே இறங்குவார்கள். இந்த வேலையில் அந்தப் பட்டியலுக்குக் கடைசி இடம். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முன் படியின் விடை பின் படிக்குத் தேவைப்படும். விண்ணப்பக் கெடுவுக்குப் பத்து மாதம் இருக்கும்போதே தொடங்கினால், தெரியவரும் குறைகளைச் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.

1. தொடங்கும் முன் மேசைமேல் இருக்க வேண்டியவை

எல்லாப் பருவத்துக்குமான டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), முக்கியப் பாடங்களின் பாடத்திட்டத் தாள்கள், இறுதியாண்டுத் திட்டப்பணி அறிக்கை, கடப்பிதழ், ஒரு வெற்று எக்செல் தாள். இவ்வளவு போதும்.

பாடத்திட்டத் தாளைப் பலர் தேடுவதே இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் என்னென்ன தலைப்புகள், எத்தனை கிரெடிட், எத்தனை மணி நேரம் என்று அதில்தான் இருக்கும். நான்காம் படியில் அது இல்லாமல் ஒன்றும் நகராது. துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பாடத்திட்டம் மாறிவிட்டால் உங்கள் ஆண்டுக்குரிய தாளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

டிரான்ஸ்கிரிப்ட் மலாயில் இருந்தால் ஆங்கிலப் பிரதி தருவார்களா என்று பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஐ.டி.பி.எம். எனப்படும் மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகத்தில் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு செய்துகொள்ளலாம். நீங்களே மொழிபெயர்த்து அனுப்பினால் எடுபடாது.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்று ஒரு தொல்லை உண்டு. கடப்பிதழில் முழுப்பெயரும் ஒரே வரியில், நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) என்று இருக்கும். வெளிநாட்டுப் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும், சாய்கோட்டை ஏற்காது. எப்படிப் பிரித்தாலும் சரி, ஆங்கிலத் தேர்வு, ஜி.ஆர்.இ. என்ற பட்டமேற்படிப்புத் தகுதித் தேர்வு, விண்ணப்பம் மூன்றிலும் ஒரே மாதிரி பிரியுங்கள். மாறிவிட்டால் தேர்வு மதிப்பெண் உங்கள் கோப்போடு சேராது. கோப்பு ‘முழுமையடையவில்லை’ என்ற நிலையிலேயே கிடக்கும், யாரும் திறந்து படிக்க மாட்டார்கள்.

2. முடிவு யார் கையில் என்று கண்டுபிடியுங்கள்

வாய்ப்பைத் தீர்மானிப்பதில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை. பாடவழி முதுகலையில் பெரும்பாலும் ஓர் அலுவலகமோ குழுவோ நிபந்தனைப் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்க்கிறது. அங்கே மதிப்பெண்ணும் படித்த பாடங்களும்தான் பேசும்.

ஆய்வுவழி முதுகலையிலும், பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற நாடுகளின் முனைவர் படிப்பிலும் நிலைமை வேறு. உங்களை ஏற்கும் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி. நம் மலாயாப் பல்கலைக்கழகம், யு.எஸ்.எம். எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவற்றின் ஆய்வுவழிப் படிப்புகளும் இந்த வகைதான். மேற்பார்வையாளர் சம்மதித்துவிட்டால், குறைந்தபட்சத் தகுதி இருக்கும் பட்சத்தில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அமெரிக்க முனைவர் படிப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வேதியியல், உயிரியல் துறைகள் பலவற்றில் குழு கூடி மாணவர்களை எடுக்கும். சேர்ந்த பிறகு சில ஆய்வுக்கூடங்களில் சுற்றிவிட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்வார்கள். பொறியியல் துறைகளில் பலவற்றில் குழு வடிகட்டிக் கொடுத்ததிலிருந்து தனிப் பேராசிரியர் தன் மானியப் பணத்துக்கு ஆள் எடுக்கிறார். துறையின் இணையப் பக்கத்தில் ‘விண்ணப்பிக்கும் முன் பேராசிரியரைத் தொடர்புகொள்ள வேண்டாம்’ என்று இருந்தால் குழு. ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று இருந்தால் பேராசிரியர்.

எக்செல் தாளில் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே ‘அலுவலகம்’, ‘குழு’, ‘பேராசிரியர்’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். எழுத முடியாத இடத்தை இன்னும் நீங்கள் சரியாகப் படிக்கவில்லை.

3. சி.ஜி.பி.ஏ.யை உடைத்துப் பாருங்கள்

ஒரே எண்ணாக வைத்திருந்தால் அது எதையும் சொல்லாது. மூன்றாகக் கணக்கிடுங்கள்: மொத்தம், கடைசி நான்கு பருவம், துறைப் பாடங்கள் மட்டும்.

மூன்றாவதுக்கு எம்.பி.யு. எனப்படும் கட்டாயப் பொதுப் பாடங்கள், கோகுரிகுலம் (இணைப்பாடம்), மொழிப் பாடங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். மிச்சமுள்ள ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் போதும். ஏ மைனஸுக்கு 3.67 தருகிற பல்கலைக்கழகமும் உண்டு, 3.7 தருவதும் உண்டு. உங்கள் டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தைப் பார்த்துப் போடுங்கள். பொதுப் பாடங்களால் மொத்தம் உயர்ந்து நிற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு கசக்கும். ஆனால் குழுவில் இருப்பவர் உங்கள் கணிதத்தையும் துறைப் பாடங்களையும்தான் விரல் வைத்துப் பார்ப்பார், அதை நீங்கள் முன்னாலேயே பார்த்துவிடுவது நல்லது.

விண்ணப்பப் படிவத்தில் மட்டும் அதிகாரபூர்வ எண்ணையே போட வேண்டும். உடைத்த எண்கள் உங்கள் கணிப்புக்கு. கடைசி நான்கு பருவம் நன்றாக ஏறியிருந்தால் நோக்க அறிக்கையில் ஒரு வரியாகச் சொல்லலாம்.

அடுத்தது நாட்டுக்கேற்ற மாற்றம். அமெரிக்காவிலும் 4.00தான் உச்சம், எனவே மாற்ற எதுவுமில்லை. 3.0 என்பது அங்குப் பல பட்டமேற்படிப்புப் பள்ளிகள் அறிவிக்கும் குறைந்தபட்சம். அது வாசலைத் தாண்டுவதற்கான எண் மட்டுமே. பிரிட்டனில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நாட்டுவாரிப் பக்கம் வைத்திருக்கும். அதில் மலேசியாவைத் தேடி, அவர்களுடைய 2:1 எனப்படும் மேல் இரண்டாம் வகுப்புக்கு நம் சி.ஜி.பி.ஏ. எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். இடத்துக்கு இடம் வேறுபடும். ஒன்றில் பார்த்ததை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

ஜெர்மனிக்கு ‘மாற்றியமைக்கப்பட்ட பவேரியச் சூத்திரம்’ உண்டு. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். வந்ததை, உச்சத்துக்கும் பட்டம் பெறத் தேவையான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டுங்கள். சி.ஜி.பி.ஏ. 3.28, உச்சம் 4.00, குறைந்தபட்சம் 2.00 என்றால்: 0.72ஐ 2ஆல் வகுத்தால் 0.36, 3ஆல் பெருக்கினால் 1.08, 1ஐச் சேர்த்தால் 2.08.

இங்கே இரண்டு இடத்தில் வழுக்குகிறார்கள். ஜெர்மன் அளவில் எண் குறையக் குறைய நல்லது, 2.08ஐப் பார்த்துப் பயந்து விலகுகிறவர்கள் உண்டு, உண்மையில் அது நல்ல மதிப்பெண். இன்னொன்று, பட்டத்துக்குரிய 2.00க்குப் பதிலாகத் தனிப்பாடத்தின் தேர்ச்சிப் புள்ளியான 1.00ஐப் போட்டுவிடுவது. அப்போது அதே 3.28 மாணவருக்கு 1.72 வரும். அந்த எண்ணை நம்பி 1.8 கேட்கும் படிப்புக்கு விண்ணப்பித்தால் கட்டணம் வீண்.

4. பாடங்களில் ஓட்டை இருக்கிறதா?

துறை மாறுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். மெக்கட்ரானிக்ஸ் படித்துவிட்டுக் கணினி அறிவியலுக்கும், வேதிப் பொறியியல் படித்துவிட்டுப் பொருளறிவியலுக்கும் போகலாம். ஆனால் சேர்க்கை நிபந்தனையில் ‘இந்தப் பாடத்தில் இத்தனை கிரெடிட்’ என்று இருந்தால் 3.9 வாங்கியவரையும் தள்ளிவிடுவார்கள். ஜெர்மன் பாடவழி முதுகலைகளில் இது மிகக் கறார்.

நிபந்தனை ஐரோப்பிய கிரெடிட்டில் இருக்கும். நம் ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல். ஜெர்மனியில் ஒரு ஐரோப்பிய கிரெடிட்டுக்கு 30 மணி. எனவே மணிக்கணக்கில் பார்த்தால் மூன்று கிரெடிட் பாடம், அதாவது 120 மணி, அவர்களுக்கு 4. சிலர் ஆண்டுக் கணக்கில் மாற்றுவார்கள், அப்போது எண் கூடும். எது நடக்கும் என்று ஊகிக்காமல் மணிக்கணக்கின் குறைந்த எண்ணை வைத்தே சோதியுங்கள். அதிலும் தேறினால் கவலை இல்லை. தேறாவிட்டால் பாடத்திட்டத் தாளை இணைத்து அந்தப் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பாடத்தின் பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். ‘பொறியியல் கணிதம் 3’ என்ற தலைப்புக்குள் நிகழ்தகவு இருக்கிறதா, எண்சார் முறைகள் இருக்கின்றனவா என்று வெளிநாட்டில் யாருக்கும் தெரியாது. தலைப்புகளைப் பிரித்து எழுதிக் கொடுப்பது உங்கள் வேலை.

எஞ்சினியரிங் பட்டத்தின் அங்கீகாரம் பற்றி வீணாகக் கவலைப்பட வேண்டாம். 2009 முதல் மலேசியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பு நாடு. உங்கள் படிப்பு அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஆய்வு அனுபவத்தை எடைபோடுங்கள்

பாடவழி முதுகலை மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் படியை மேலோட்டமாகப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு சி.ஜி.பி.ஏ.யைவிட இது பெரியது.

இறுதியாண்டுத் திட்டப்பணியைத் திறந்து உங்களையே கேளுங்கள். கேள்வியை வகுத்தது யார், நீங்களா மேற்பார்வையாளரா? வேலை செய்யாமல் போனது எது, ஏன்? முடிவு சரியென்று எப்படிச் சோதித்தீர்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து நிமிடம் தயக்கமின்றிப் பேச முடிந்தால் கட்டுரை வெளிவராவிட்டாலும் அது ஆய்வு அனுபவம்தான். சென்சர் வாங்கி ஆர்டுவினோ மின்பலகையில் பொருத்தி, கைப்பேசிச் செயலியோடு இணைத்துக் காட்டியது நல்ல திட்டப்பணிதான், ஆனால் முனைவர் படிப்புத் தேர்வுக்குழு அதில் ஆய்வுக் கேள்வியைத் தேடும்.

பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் கட்டுரை வெளியிடும் மாநாடுகளும் இதழ்களும் வாய்ப்பைக் கூட்டுவதில்லை. பார்க்கிறவர் துறைக்காரர் என்றால் குறைக்கவும் செய்யும். ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது என்பதால் மட்டும் தரமாகிவிடாது. உங்கள் துறைப் பேராசிரியர்கள் அந்த இதழை மேற்கோள் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். சோதனைப் பொறியியல், உற்பத்தித்திறன் பகுப்பாய்வு போன்ற வேலைகளில் உண்மையான ஆய்வுத்தன்மை உண்டு, ஆனால் ரகசிய ஒப்பந்தம் காரணமாகப் பொருளைப் பற்றி எழுத முடியாது. பொருளை விட்டுவிட்டு முறையை எழுதுங்கள்: என்ன அளவீட்டுச் சிக்கல், எந்தப் புள்ளியியல் முறை, எதை ஒதுக்கினீர்கள். ‘குழுவோடு இணைந்து பல திட்டங்களில் பங்காற்றினேன்’ என்ற வரிக்கு மதிப்பெண் பூஜ்யம்.

6. மூன்று கடிதங்கள்

பெரும்பாலான இடங்கள் இரண்டு அல்லது மூன்று சிபாரிசுக் கடிதம் கேட்கும். முதல் கடிதம் திட்டப்பணி மேற்பார்வையாளருடையது. அவரிடம் கேட்க முடியாத நிலை என்றால் அதுவே உங்கள் விண்ணப்பத்தின் பெரிய பலவீனம், தாளில் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

வலிமையைச் சோதிக்க ஒரே வழி நேராகக் கேட்பது: “டாக்டர், முனைவர் படிப்புக்கு என்னைப் பற்றி வலுவாக எழுத முடியுமா?” உடனே ‘சரி’ என்று சொல்லி, உங்கள் வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் நல்ல அறிகுறி. ‘நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்றால் அந்தக் கடிதம் எடுபடாது. நீங்கள் எழுதும் மூன்று கடிதங்களும் ஒரே குரலில் இருக்கும், படிப்பவர் கண்டுகொள்வார்.

துறைத்தலைவர், டீன் என்று பதவி பார்த்துப் போகாதீர்கள். வகுப்பில் முகம்கூடத் தெரியாதவர் எழுதுவது ‘ஏ வாங்கினார், ஒழுக்கமானவர்’ என்ற இரண்டு வரியில் முடியும். அதைத்தான் டிரான்ஸ்கிரிப்ட் ஏற்கெனவே சொல்கிறதே. முனைவர் படிப்புக்கு மூன்றில் குறைந்தது இரண்டு கடிதம் கல்வித்துறையிலிருந்து வரட்டும். விரிவுரையாளர் பணி மாறிவிட்டாரா என்று பாருங்கள்: சில படிவங்கள் ஜிமெயில் முகவரியை ஏற்காது, நிறுவன மின்னஞ்சல் கேட்கும்.

7. ஆய்வுக்கூடத்தைத் துருவிப் பாருங்கள்

தாளில் ‘பேராசிரியர்’ என்று குறித்த இடங்களுக்கும், குழுவாக இருந்தாலும் பேராசிரியர் பணத்தில் ஓடும் துறைகளுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தரவரிசையில் செலவழிக்கும் நேரத்தை இங்கே திருப்பினால் கணிப்பு பல மடங்கு துல்லியமாகும்.

முதலில் உறுப்பினர் பக்கம். இப்போதுள்ள முனைவர் மாணவர்கள் எந்த ஆண்டு சேர்ந்தார்கள், இளங்கலை எங்கே படித்தார்கள்? கடைசியாக ஆள் சேர்ந்து நான்கு ஆண்டு ஆகிறது என்றால் கூடம் சுருங்குகிறது. எல்லோரும் அந்த நாட்டுக்காரர்களே என்றால் பணம் உள்நாட்டு மாணவருக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். கேட்டுத் தெளிய வேண்டும். தென்கிழக்காசியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவராவது இருந்தால், உங்கள் டிரான்ஸ்கிரிப்டை அந்தப் பேராசிரியருக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பணம். இதைப் பொதுவெளியிலேயே பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவுக்கு என்.எஸ்.எஃப். எனப்படும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் விருதுத் தேடல், பிரிட்டனுக்கு ‘கேட்வே டு ரிசர்ச்’, ஜப்பானுக்கு ‘காகென்’ தரவுத்தளம். பேராசிரியர் பெயரைப் போட்டால் மானியத்தின் தலைப்பும் கால அளவும் வரும். முடியும் தேதியைப் பாருங்கள். நீங்கள் சேரும் ஆண்டிலேயே எல்லாம் முடிகிறது, புதிதாக ஒன்றும் இல்லை என்றால், அவர் எவ்வளவு அன்பாகப் பதில் எழுதினாலும் எடுக்க வழியில்லாமல் போகலாம்.

புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களைத் தவிர்க்காதீர்கள். தொடக்க நிதி கையில் இருக்கும், முதல் மாணவர்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள், பெரிய பெயர்களுக்குக் குவியும் விண்ணப்பங்கள் அவர்களுக்கு வராது. ஓய்வுபெறும் வயதில் இருப்பவரையும், டீன் பதவிக்குப் போய் இரண்டாண்டாகக் கட்டுரையே வெளியிடாதவரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் மின்னஞ்சல். அமெரிக்கச் சேர்க்கைக்கு ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை சரியான காலம். இருநூறு வார்த்தைக்கு மேல் போகாமல், அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் உங்கள் வேலையோடு தொடும் இடம், நீங்கள் செய்தது என்ன, அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்ற கேள்வி, இவ்வளவுதான். தன்விவரக்குறிப்பையும் டிரான்ஸ்கிரிப்டையும் ஒரே பி.டி.எஃப். ஆக இணையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல்.

பதில்களைச் சரியாக எடைபோடத் தெரிய வேண்டும். ‘உங்கள் தகுதி சிறப்பாக உள்ளது, விண்ணப்பியுங்கள்’ என்பது மரியாதை. வாய்ப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ‘ஜூமில் பேசலாமா?’, ‘அந்த அறிக்கையை அனுப்புங்கள்’ என்பவை கூட்டும். ‘இந்த ஆண்டு நிதி இல்லை’ என்பது உண்மையாகவே நிதி இல்லை என்றுதான் பொருள், உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மௌனத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.

உள்ளூர் ஆய்வுக்கு இதே வேலையைச் சுருக்கமாகச் செய்யலாம். எஃப்.ஆர்.ஜி.எஸ். எனப்படும் அரசின் அடிப்படை ஆய்வு மானியம் போன்றவற்றில் ஆய்வு உதவியாளர் இடம் என்றால் ஒரே கேள்வி: “டாக்டர், மானியத்தில் இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது?” முதுகலைக்கு இரண்டாண்டு தேவை என்று வைத்துக்கொண்டால், பத்து மாதம் மிச்சமுள்ள மானியத்தில் சேர்வது பாதியில் உதவித்தொகை நிற்பதற்கான வழி.

8. தேர்வு மதிப்பெண்கள்

இது எளிது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் பொறியியல் படிப்புகள் பல 6.5 கேட்கும், சில 7.0. மொத்தத்தை மட்டும் பார்த்து நிம்மதியடையாதீர்கள். ஒவ்வொரு பிரிவிலும் 6.0 என்ற துணை நிபந்தனை இருக்கும், நம்மவர்கள் எழுத்துப் பிரிவில் தவறுவது அதிகம். மதிப்பெண் இரண்டாண்டுதான் செல்லும். எம்.யு.இ.டி. என்ற மலேசிய ஆங்கிலத் தேர்வு உள்ளூரில் செல்லும், கடல் தாண்டினால் பெரும்பாலும் செல்லாது. ஆங்கிலத்தில் படித்ததற்கு விலக்கு உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஜி.ஆர்.இ.யைப் பல துறைகள் விட்டுவிட்டன. கட்டாயம், விருப்பம், ஏற்பதில்லை என்ற மூன்றில் எது என்று துறையின் பக்கத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கம் பழையதாக இருக்கலாம். விருப்பம் என்ற இடத்தில், கணிதத் திறன் பகுதியில் 170க்கு 160ஐத் தாண்டாவிட்டால் அனுப்பாமல் இருப்பதே மேல். கட்டணம் 220 அமெரிக்க டாலர். அதில் தேர்வு நாளன்றே நான்கு இடங்களுக்கு மதிப்பெண் அனுப்பலாம் என்பதால், பட்டியல் முடிவான பிறகு எழுதுவது லாபம்.

9. இடம் வேறு, பணம் வேறு

இரண்டுக்கும் தனித்தனி வாய்ப்பு எழுதுங்கள். ‘இடம் கிடைத்தது, போக முடியவில்லை’ என்ற கதை எல்லாம் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதியதால் வருவது.

அமெரிக்க முனைவர் படிப்பில் பொதுவாக இடமும் உதவித்தொகையும் சேர்ந்தே வரும், எனவே அங்கே ஒரே வாய்ப்பு. முதுகலையில் அப்படி இல்லை, பெரும்பாலும் சொந்தப் பணம். என்.எஸ்.எஃப். வழங்கும் பட்டமேற்படிப்பு உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான்; அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிரிட்டனில் அரசின் ஆய்வு நிதி அமைப்பான யு.கே.ஆர்.ஐ. தரும் முனைவர் உதவித்தொகை 2021 முதல் வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் ஒவ்வோர் ஆண்டுத் தொகுதியிலும் அவர்கள் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்க முடியாது. அதனால் அங்கே இடம் கிடைக்கும் வாய்ப்பும் பணம் கிடைக்கும் வாய்ப்பும் வெகுதூரம் விலகி நிற்கும். பல பொறியியல், அறிவியல் துறைகளுக்கு மலேசியர்கள் ஏ.டி.ஏ.எஸ். எனப்படும் பாதுகாப்பு அனுமதியும் வாங்க வேண்டும். விசாவுக்கு முன்பே அதற்குத் தனி அவகாசம் விடுங்கள்.

ஜெர்மனியில் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. எல்லா இடத்திலும் அப்படி என்று நினைத்துவிட வேண்டாம்: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் வைத்திருக்கிறது. விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுப் பணத்தை முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோ ஆயிற்று. அதை ரிங்கிட்டில் மாற்றிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

உபகாரச் சம்பளங்களில் உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் எழுதுங்கள். இரண்டாண்டு வேலை அனுபவம் இருந்தால் பிரிட்டனின் ஓராண்டு முதுகலைக்குச் செவ்னிங்; அமெரிக்காவுக்கு எம்.ஏ.சி.இ.இ. எனப்படும் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் வழியாகப் ஃபுல்பிரைட், ஜப்பானுக்குத் தூதரகம் வழியாக மெக்ஸ்ட், சிங்கப்பூர் முனைவர் படிப்புக்கு சிங்கா. உள்ளூர் அறக்கட்டளைகள் ஒப்பந்தம் போட்டால் திரும்பி வந்து வேலை செய்ய வேண்டிய ஆண்டுகளையும் அதே கட்டத்தில் குறியுங்கள்.

10. தாளை நிரப்பித் தரம் பிரித்தல்

இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து கட்டம்: மதிப்பெண், பாடப் பொருத்தம், ஆய்வு, கடிதம், பணம். ஒவ்வொன்றிலும் ‘தாராளம்’, ‘சரி’, ‘குறைவு’ என்று எழுதுங்கள். மொத்தத் தரத்தை சராசரியால் போடக் கூடாது. அந்த இடத்தில் முடிவெடுப்பவர் எதைப் பார்ப்பாரோ அவற்றுள் மிகவும் தாழ்ந்ததால் போட வேண்டும். ஒரு கட்டத்தில் 4.00 இருப்பது இன்னொரு கட்டத்தின் ஓட்டையை அடைக்காது.

எடுத்துக்காட்டாக ஒருவர்: மின்னணுப் பொறியியல், மொத்தம் 3.28, கடைசி நான்கு பருவம் 3.55, பாயான் லெப்பாஸில் இரண்டாண்டு சோதனைப் பொறியாளர் வேலை, திட்டப்பணி நன்று, கட்டுரை இல்லை, வலுவான கடிதம் ஒன்று, மேலாளர் கடிதம் ஒன்று.

ஜெர்மனியில் 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் கேட்கும் நுண்மின்னணு முதுகலையை எடுத்தால் அவருடைய 2.08 தாராளம், பாடம் பொருந்துகிறது, ஆய்வும் கடிதமும் அங்கே பெரிதாகப் பார்க்கப்படுவதில்லை. பணக் கட்டம் மட்டும் தனியாக நிற்கிறது. கிடைக்கக்கூடிய இடம். அமெரிக்காவின் முன்னணி முனைவர் படிப்பில் ஆய்வும் கடிதமும் குறைவு, எட்டாத உயரம். இங்கே மலேசியாவில், மானியக் காலம் போதுமான ஆய்வுவழி முதுகலை, மேற்பார்வையாளர் ஜூமில் பேசிச் சம்மதித்துவிட்டார் என்றால் ஏறத்தாழ உறுதி.

இந்த இடத்தில் பலர் ஒரு கணக்குப் போடுவார்கள்: ஒவ்வொன்றிலும் பத்து விழுக்காடு வாய்ப்பு என்றால் ஐந்தில் போட்டால் ஒன்றாவது கிடைக்க 41 விழுக்காடு. எண் சரி, பயன்பாடு தவறு. ஐந்தும் ஒன்றையொன்று சாராதவை என்றால்தான் 41. உங்கள் கோப்பில் ஆய்வுக் கடிதம் பலவீனம் என்றால் ஐந்து குழுவும் அதே கடிதத்தைப் படித்து அதே காரணத்தால் தள்ளும். உயரமான இடங்களைக் கூட்டுவதால் கட்டணம்தான் கூடும். வாய்ப்பைக் கூட்ட வேண்டுமென்றால் முடிவெடுக்கும் முறை வேறான இடங்களைச் சேர்க்க வேண்டும்: அலுவலகம் ஒன்று, குழு ஒன்று, பேராசிரியர் ஒன்று.

ஏற்பு எண்ணிக்கை எங்கே பார்ப்பது? டியூக், மிச்சிகன் போன்ற சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் துறைவாரியாக விண்ணப்பம், ஏற்பு எண்ணிக்கையை வெளியிடுகின்றன. முதுகலையையும் முனைவரையும் கலந்து தரும் எண்ணை நம்பாதீர்கள். இரண்டும் வெவ்வேறு போட்டி.

ஆறு அல்லது ஏழு விண்ணப்பம் போதுமானது. உயரத்தில் இரண்டு, நடுவில் மூன்று, உறுதியில் ஒன்றோ இரண்டோ. அமெரிக்க விண்ணப்பம் ஒன்றுக்குப் பெரும்பாலும் 75 டாலருக்கு மேல் போகும். ஜெர்மனியில் யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழி என்றால் ஒரு பருவத்தில் முதலாவதுக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30. உறுதிப் பட்டியலில் நீங்கள் போகவே விரும்பாத இடத்தைப் போடாதீர்கள், அது காசைக் கரியாக்குவது.

11. நாட்காட்டி

அமெரிக்க முனைவர் படிப்புகளின் கெடு பெரும்பாலும் டிசம்பர் 1 முதல் 15 வரை. பின்னோக்கிப் போனால்: கடிதம் கேட்பது அக்டோபர் நடுவில், மின்னஞ்சல் செப்டம்பரில், ஐ.இ.எல்.டி.எஸ். ஜூலையில், ஆய்வுக்கூடத் துருவல் ஏப்ரல் முதல். ஜெர்மன் குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 பரவலான கெடு, ஆனால் வெளிநாட்டவருக்கு முன்னதாக முடிக்கும் இடங்கள் நிறைய. மெக்ஸ்ட் தூதரக வழி ஏப்ரல், மே வாக்கில் திறக்கும்.

பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருந்து ஒரு சுற்றைத் தவறவிடுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. தேவையே இல்லை. விண்ணப்பத்துக்கு அதுவரையிலான டிரான்ஸ்கிரிப்டும், படிப்பு முடிந்ததற்கு செனட் கடிதமும் பெரும்பாலும் போதும்; பட்டச் சுருளைப் பிறகு காட்டலாம்.

12. பதில் வரும் மாதங்கள்

அமெரிக்காவில் நேர்காணல் ஜனவரி, பிப்ரவரியில். முதல் சுற்று முடிவுகள் மார்ச்சுக்குள். உதவித்தொகையோடு இடம் பெற்றவர்கள் ஏப்ரல் 15க்குள் பதில் சொன்னால் போதும் என்ற உடன்பாடு இருப்பதால், காத்திருப்புப் பட்டியல் அந்தத் தேதியை ஒட்டித்தான் நகரும். மார்ச்சில் மௌனமாக இருக்கும் இடத்தை மூடிவிட வேண்டாம். அதே சமயம் ஏப்ரல் 15க்கு முன் ‘உடனே முடிவு சொல்’ என்று எந்த இடம் நெருக்கினாலும், அந்த உடன்பாட்டில் அந்தப் பல்கலைக்கழகம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

எல்லா இடமும் மறுத்தால், எந்தக் கட்டத்தில் மறுத்தார்கள் என்று பாருங்கள். பேராசிரியர் சரி என்று சொல்லி அலுவலகம் மறுத்தால் காரணம் பெரும்பாலும் எண்: சி.ஜி.பி.ஏ. வாசலோ ஐ.இ.எல்.டி.எஸ். துணைப் பிரிவோ. துணைப் பிரிவு என்றால் இரண்டு மாதத்தில் சரிசெய்யலாம். நேர்காணல் வரை போய்த் திரும்பினால் உங்கள் கோப்பு நல்ல கோப்பு. ஆய்வுப் பொருத்தத்தை மாற்றி வேறு கூடங்களைத் தேடுங்கள். ஒரு நேர்காணலும் இல்லை, உறுதியென்று நினைத்த இடமும் மறுத்தது என்றால் கடிதங்களைச் சந்தேகியுங்கள்.

கடிதங்களின் பலவீனத்தை ஓராண்டில் மாற்ற, இன்னொரு பாடவழி முதுகலையில் சேர்வதைவிட ஆய்வு உதவியாளராகப் போவது பயன். மலாயாப் பல்கலைக்கழகத்திலோ, யு.எஸ்.எம்.மின் நிபோங் தெபால் பொறியியல் வளாகத்திலோ மானியம் வைத்திருக்கும் விரிவுரையாளர்களுக்கு இதே ஏழாம் படியின் முறையில் எழுதுங்கள். ஜனவரிக்குள் சேர்ந்துவிட்டால் அக்டோபரில் கடிதம் கேட்கும்போது அவருக்கு உங்களைப் பற்றி எழுத ஒன்பது மாத வேலை இருக்கும்; ஜூலையில் சேர்ந்தால் மூன்று மாதம்தான்.